ஒரு படி கீழே

கிரிமினல் பக்கம் வக்கீலாக இருப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் பழக்கம். "ஜாமீன் கிடைக்குமா?" என்று கைதானவரின் அம்மா கேட்பார். கொஞ்ச நாள் கழித்து, விவரம் தெரிந்த மச்சானோ சித்தப்பாவோ வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "செக்‌ஷனைக் கொறைக்க முடியுமா மேடம்?" என்பார். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் இரண்டாவது கேள்வி முதல் நாளே வந்துவிடும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் எத்தனை வருஷம் என்பது இப்போது டீக்கடையில்கூடத் தெரியும்.

நான் முதலியார்பேட்டைக்காரி. அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் தறிக்காரர். மில் சங்கைக் கேட்டு உலை வைத்த வீடு எங்களுடையது. அந்த மில்லை 2020இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். கோர்ட் வளாகம் அதே கடலூர் ரோட்டில் வந்துவிட்டதால், வக்கீல் ஆபீஸுக்கு இடம் தேடி நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. குழந்தை வழக்குகளில் எதிரிக்காகவும் நின்றிருக்கிறேன், குழந்தையின் குடும்பத்துக்காகவும் நின்றிருக்கிறேன். செக்‌ஷன் குறைவதால் யாருக்கு என்ன கிடைக்கிறது, யாருக்கு என்ன போகிறது என்பதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தவள் என்ற முறையில், அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறேன்.

சட்டத்தில் அது ஒளிவுமறைவான காரியமல்ல. ஒருவர் மேல் பெரிய குற்றத்துக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். சாட்சியம் அதுவரை எட்டாமல் பாதியில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் ஒரு சிறிய குற்றம் முழுசாக நிரூபணமாகியிருந்தால், தனியாகச் சார்ஜ் இல்லாவிட்டாலும் அதற்குத் தண்டிக்கலாம். வழிப்பறிக்குச் சார்ஜ், அடித்ததோ மிரட்டியதோ நிரூபணமாகவில்லை, பொருளை எடுத்தது நிரூபணமானது, அப்போது திருட்டு மிச்சம். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 238ஆவது பிரிவு. 1973 சட்டத்தில் 222. இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். வந்தபின் 245. எண்தான் மாறிக்கொண்டே வந்தது, விஷயம் மாறவில்லை.

ஆனால் இறங்குகிற படி அதே ஏணியில் இருக்க வேண்டும். 2001இல் ஷம்ன்சாகேப் முல்டானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கொலை என்று மட்டும் சார்ஜ் போட்டுவிட்டு, அது நிரூபணமாகவில்லை என்பதற்காக, வரதட்சிணை மரணம் என்று நேராக இறக்கிவிட முடியாது. தண்டனை குறைவு என்பதால் மட்டும் ஒரு குற்றம் இன்னொன்றின் சிறிய வடிவமாகிவிடாது. இரண்டுக்கும் முக்கிய அம்சங்கள் பொதுவாக இருக்க வேண்டும். வரதட்சிணை மரணத்தில் எதிரியே தன்னை விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு அவருக்கு முன்கூட்டித் தெரிவித்து வாய்ப்புக் கொடுக்காமல் தண்டிப்பது நியாயமில்லை.

இவ்வளவும் நீதிபதி தனியாக உட்கார்ந்து முடிவு செய்கிற ஊரின் கதை. ஜூரி முடிவு செய்கிற இடத்தில் கேள்வியே வேறு: கீழே ஒரு படி இருக்கிறது என்பதை ஜூரிக்கு யார் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? அமெரிக்காவில் 1980இல் பெக் எதிர் அலபாமா வழக்கில் இதுதான் பிரச்சினை. மரண தண்டனைக் குற்றம், இல்லையென்றால் முழு விடுதலை, நடுவில் எதையும் ஜூரி யோசிக்கக் கூடாது என்றது அலபாமா சட்டம். அது செல்லாது என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். இரண்டே வழி என்றால், குற்றம் ஏதோ செய்திருக்கிறான் என்று தோன்றினாலே ஜூரி மேல்படிக்குத் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது ஒரு குழந்தையின் வழக்கில். 1890ஆம் வருஷம், கல்கத்தா. அந்தப் பெண்ணின் பெயர் பூல்மணி தாசி. வயது பதினொன்றை ஒட்டி. புருஷன் ஹரி மோகன் மைத்தி முப்பதை ஒட்டியவர். ஓர் இரவு புருஷன் உறவு கொண்டதில் ஏற்பட்ட காயத்தில் இரத்தம் போய்க் குழந்தை இறந்தது. வழக்கு கல்கத்தா ஹைகோர்ட்டில் நீதிபதி வில்சன் முன்னால், ஜூரியோடு நடந்தது.

அந்த வழக்கின் சார்ஜுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். கொலையாகாத மரணம், 304. அஜாக்கிரதையால் மரணம், 304ஏ. கொடுங்காயம், 325. அஜாக்கிரதையால் கொடுங்காயம், 338. மொத்தம் நான்கு. நடந்தது எதுவோ, அதன் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. 1860 தண்டனைச் சட்டத்தின் 375ஆவது பிரிவு, மனைவிக்குப் பத்து வயது நிறைந்திருந்தால் புருஷன் செய்தது வன்புணர்ச்சி ஆகாது என்று விலக்குக் கொடுத்திருந்தது. பூல்மணி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். அதனால் அரசுத் தரப்புக்குக் கிடைத்தவை எல்லாம், அடிதடி வழக்குக்கும் வண்டி மோதிய வழக்குக்கும் பொருந்தக்கூடிய பிரிவுகள்தான்.

வில்சன் ஜூரிக்குச் சொன்ன விளக்கம் சட்டத் தொகுப்புகளில் அச்சாகியிருக்கிறது. இரண்டு விஷயங்களை அவர் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறார். ஒரு பக்கம், வன்புணர்ச்சிச் சட்டம் இங்கே பொருந்தாது, சட்டசபை செய்யாததை நீதிபதியோ ஜூரியோ தாமாகச் செய்துகொள்ள முடியாது என்கிறார். இன்னொரு பக்கம், அதனால் பத்து வயது தாண்டிய மனைவி புருஷனின் உடைமையாகிவிட்டாள் என்றோ, கிரிமினல் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே போய்விட்டாள் என்றோ அர்த்தமில்லை என்கிறார். பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுத்து, இதற்கு இன்ன எண்ணம் வேண்டும், இதற்கு இன்ன அறிவு வேண்டும், இதற்கு அஜாக்கிரதை போதும் என்று பிரித்துக் காட்டுகிறார்.

ஜூரி மேலிருந்து மூன்றையும் தள்ளிவிட்டு, கடைசிப் படியான 338இல் குற்றவாளி என்றது. அந்தப் பிரிவுக்கு அதிகபட்சமே இரண்டு வருஷம். வில்சன் விதித்தது ஒரு வருஷம் கடுங்காவல்.

அந்த ஜூரி ஏன் அங்கே போய் நின்றது என்பதற்கு ஒரு வரிகூட எழுத்தில் கிடையாது. ஜூரி காரணம் சொல்லாது. சொல்லக் கேட்பதும் இல்லை. இன்று நாம் படிக்கக் கிடைப்பது நீதிபதி அவர்களுக்குச் சொன்னது மட்டுமே, அவர்கள் உள்ளே போய்ப் பேசியது அல்ல. குழந்தை இறந்தது அஜாக்கிரதையால்தான் என்று நிஜமாகவே நம்பினார்களா, புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப மனமில்லாமல் இறக்கினார்களா, இல்லை விடுதலை செய்ய மனமில்லாமல் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டார்களா என்பதை எந்த அப்பீல் கோர்ட்டும் கேட்டிருக்க முடியாது.

அதே காலத்தில் எங்கள் ஊரில் என்ன நடந்தது? புதுச்சேரிக்கு ஜூரி வந்ததே இல்லை. பெரிய குற்றங்களை விசாரித்த பிரெஞ்சு கிரிமினல் கோர்ட்டில் நீதிபதிகளோடு ஊர்ப் பிரமுகர்கள் சிலர் அசெஸர்களாக உட்கார்ந்தார்கள். பிரான்சில் ஜூரி உண்டு. ஆனால் 1881 ஜூன் 19ஆம் தேதிச் சட்டத்தால், ஜூரி உள்ளே போகுமுன் தலைமை நீதிபதி வழக்கைத் தொகுத்துச் சொல்வதையே அங்கே நிறுத்திவிட்டார்கள். தொகுத்துச் சொல்கிறேன் என்று நீதிபதிகள் எதிரிக்கு எதிராக இரண்டாவது அரசு வக்கீல் போலப் பேசுகிறார்கள் என்பது நெடுநாள் குறை. ஆக, கல்கத்தாவில் வில்சன் ஜூரிக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாரிஸில் அப்படிச் சொல்வதற்குத் தடை வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

பிரெஞ்சு முறையில் இறங்குவதற்கு வேறு வழி இருந்தது. என் சீனியர் பிரெஞ்சில் சட்டம் படித்தவர். அவர் அலமாரியில் சிவப்புத் தோல் அட்டை போட்ட தலோஸ் சட்டத் தொகுதிகள் வரிசையாக நிற்கும். ஜூரிகள் குழந்தை வழக்குகளில் அடிக்கடி விடுதலை செய்துவிடுகிறார்கள் என்று பார்த்த பிரெஞ்சு அரசு வக்கீல்கள், குற்றத்தைக் கடுமையாக்கும் அம்சங்களில் ஒன்றிரண்டைத் தாங்களே பேப்பரிலிருந்து உருவிவிட்டு, வழக்கை ஜூரி இல்லாத மூன்று நீதிபதிகள் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். தண்டனை குறைவு, ஆனால் நிச்சயம். "ஜூரி எறக்கறதுக்கு முன்னாடி நாமே எறக்கிட்டா ஆள் தப்ப மாட்டான்னு கணக்கும்மா," என்பார். வழக்கு கோர்ட்டுக்கு வருமுன்பே நடந்த பேரம் அது.

குழந்தையின் வயதில் பிரான்ஸ் முந்திக்கொண்டது. பலாத்காரம் இல்லாவிட்டாலும் குழந்தையிடம் அத்துமீறுவது குற்றம் என்று 1832இல் பதினொரு வயதுக்குக் கோடு போட்டார்கள், 1863இல் பதிமூன்றாக்கினார்கள். கல்யாணம் என்று வந்தால் புதுச்சேரியில் கதை வேறு. 1819 ஜனவரியில் பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே கொண்டுவந்தபோதே, இந்தியர்களுக்கு முன்போல அவரவர் சாதி வழக்கப்படி தீர்ப்பு என்று எழுதிவிட்டார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்கள்தான் ரெனோன்சான்கள். அந்தச் சட்டத்தில் பெண்ணின் கல்யாண வயது பதினைந்து. மற்றவர்களுக்கு வழக்கமே சட்டம்.

எல்லைக்கு அந்தப்புறம், பிரிட்டிஷ் இந்தியாவில், குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் சார்தா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்து, பெண்ணுக்குப் பதினாலு, ஆணுக்குப் பதினெட்டு என்று கோடு கிழித்தது. எல்லை தாண்டினால் அந்தக் கோடு இல்லை. கோதாவரிப் பக்கத்துக் குடும்பங்கள் பிரெஞ்சு ஏனாமுக்கு மேளதாளத்தோடு வந்து குழந்தைக் கல்யாணங்களை நடத்திவிட்டுப் போனார்கள். அந்த ஊருக்குக் கல்யாணபுரம் என்ற பேரே நிலைத்தது. எந்த மண்ணில் தாலி கட்டினார்கள் என்பதை வைத்து ஒரே வயசுக் குழந்தையின் கல்யாணம் ஒரு பக்கம் குற்றம், இன்னொரு பக்கம் விருந்து.

கல்கத்தா ஏணிக்கு வருகிறேன். பூல்மணி இறந்த கோபத்தில் 1891இல் சம்மத வயதுச் சட்டம் வந்தது. வங்காளத்திலும் புனேயிலும் பெரிய எதிர்ப்பு; திலகர் எதிர்த்தார். சட்டம் பத்தைப் பன்னிரண்டாக்கியது. மேல்படி இப்போது இருந்தது. ஆனால் அதற்கு ஒரு காவலும் போட்டார்கள். புருஷன் மேல் இந்த வழக்கை மாவட்ட மாஜிஸ்திரேட்டோ மாகாணத் தலைநகரின் தலைமை மாஜிஸ்திரேட்டோதான் எடுக்கலாம், இன்ஸ்பெக்டருக்குக் குறைந்த போலீஸ் விசாரிக்கக் கூடாது என்றது 1898 சட்டத்தின் 561ஆவது பிரிவு.

1925இல் மனைவியின் வயது பதிமூன்றாக உயர்ந்தது. கூடவே சட்டசபை தானே ஒரு கீழ்ப்படியைக் கட்டிக்கொடுத்தது: பெண் சொந்த மனைவியாக இருந்து, பன்னிரண்டு வயதுக்குக் குறையாதவளாக இருந்தால், தண்டனை இரண்டு வருஷத்துக்குள். 1949இல் மனைவிக்குப் பதினைந்து வயது என்று ஏற்றியபோதும் அந்த இரண்டு வருஷப் படி அப்படியே நின்றது. ஆக, பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை உள்ள ஒரு பெண் குழந்தைக்குப் புருஷன் இழைத்த கொடுமைக்கு உச்சபட்சத் தண்டனை, பூல்மணி வழக்கின் ஜூரி போய் நின்ற 338ஆவது பிரிவின் உச்சபட்சம்தான். 1890இல் ஒரு ஜூரி வாய்விட்டுச் சொல்லாமல் எடுத்த முடிவின் அளவை, பின்னால் சட்டமே தன் அளவாக எடுத்துக்கொண்டது போலாயிற்று. அந்தப் படி 2013 திருத்தத்தில்தான் போயிற்று. மனைவிக்கான வயது விலக்கு பதினெட்டுக்கு உயர்ந்தது 2017 அக்டோபர் 11 அன்று, உச்ச நீதிமன்றத்தின் இன்டிபென்டன்ட் தாட் வழக்கில்.

இதற்கிடையே ஜூரியே போய்விட்டது. தமிழர்களுக்கு ஜூரி என்றால் பாகவதர் நினைவுதான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சென்னை ஹைகோர்ட் ஜூரி ஒன்பது பேரில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். அப்பீல் தோற்று, பிரிவி கவுன்சில் திருப்பி அனுப்பி, 1947இல் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் விடுதலையானார்கள். பம்பாயில் நானாவதி வழக்கில் கொலை, அதற்குக் கீழே 304 முதல் பகுதி என்று இரண்டு படிகளும் ஜூரி முன் இருந்தன. எட்டுக்கு ஒன்று என்று இரண்டிலும் குற்றவாளி இல்லை என்றது ஜூரி. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆவது பிரிவின்படி ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தைத் தவறாக எடுத்துச் சொன்னார் என்று ஹைகோர்ட் கண்டது. கொலைக் குற்றம் உறுதியாயிற்று. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. செஷன்ஸ் கோர்ட் அசெஸர்களை 1955 திருத்தம் ஏற்கனவே அனுப்பிவிட்டிருந்தது. 1973 நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கும் இடமில்லை.

புதுச்சேரியில் இந்திய தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் 1963 அக்டோபர் 1 முதல் அமல். அதற்குப் பின் இங்கே பிரெஞ்சு பேசிய வக்கீல்கள் எல்லாம் எண்களைப் புதிதாக மனப்பாடம் பண்ண வேண்டியிருந்தது என்று சீனியர் சிரிப்பார். அவர் பெருமையாகச் சொன்ன விஷயம் வேறு: "இனிமே எறக்கறவர் எழுதியாகணும்." நீதிபதி முன்பு ஜூரிக்குச் சொன்னதையெல்லாம் இப்போது தனக்கே சொல்லிக்கொண்டு, அதைத் தீர்ப்பில் எழுத வேண்டும். எந்த அம்சம் நிரூபணமாகவில்லை, எது மிச்சம், மிச்சம் ஏன் இந்தப் பிரிவு. வில்சனின் உரையும் ஜூரி உள்ளே பேசியதும் ஒரே தாளில் வந்தாக வேண்டும் என்பது இதன் பொருள்.

2012 நவம்பர் 14 முதல் போக்சோ. குழந்தைகளுக்கென்றே கட்டிய ஏணி இது. கீழே பாலியல் தொந்தரவு, மூன்று வருஷம் வரை. அதற்கு மேல் உடலுறவு இல்லாத பாலியல் தாக்குதல், மூன்றிலிருந்து ஐந்து. போலீஸ்காரர், ஆசிரியர், உறவினர் போன்றவர்கள் செய்தாலோ குழந்தைக்குப் பன்னிரண்டு வயது ஆகாவிட்டாலோ ஐந்திலிருந்து ஏழு. ஊடுருவும் தாக்குதலுக்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது பத்து. குழந்தை பதினாறுக்குக் கீழ் என்றால் இருபது. கடுமையான வகைக்குக் குறைந்தது இருபது, மரண தண்டனை வரை. பூல்மணிக்குக் கிடைக்காத பெயர்கள் எல்லாம் இதில் இருக்கின்றன.

பெயர்கள் இருந்தும் எப்படி நழுவும் என்பதற்கு நாக்பூர் வழக்கு சாட்சி. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மார்பைத் துணிக்கு மேலாக ஒருவர் அழுத்தினார். விசாரணை நீதிமன்றம் போக்சோ எட்டாவது பிரிவில் மூன்று வருஷம் போட்டது. 2021 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட்டின் நாக்பூர் கிளை, தோலோடு தோல் படவில்லை, ஆகவே இது பாலியல் தாக்குதல் இல்லை, தண்டனைச் சட்டம் 354தான் என்று இறக்கி, ஒரு வருஷமாக்கியது. அட்டர்னி ஜெனரலே அப்பீலுக்குப் போனார். 2021 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பார்க்க வேண்டியது பாலியல் நோக்கம். தோல் பட்டதா என்பதல்ல என்றது. பத்து மாதத்தில் அதைத் திருத்த முடிந்தது என்றால், இறக்கியவர் தன் காரணத்தை எழுதிவைத்திருந்தார் என்பதால்தான். கல்கத்தா ஜூரியின் காரணத்தை இன்னும் யாரும் திருத்தவில்லை. திருத்த எதுவும் இல்லை.

கோர்ட்டுக்குள் இது எவ்வளவு சின்ன இடத்தில் நடக்கிறது என்று சொல்கிறேன். போக்சோ வழக்கில் வக்கீல் குழந்தையை நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். ஒரு வழக்கில் என் கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நீதிபதி படித்தார், தாளை மடித்து ஓரமாக வைத்தார், தன் வார்த்தையில் கேட்டார்: "அந்த மாமா கை எங்க இருந்துச்சும்மா, சொல்றியா?" குழந்தை பொம்மையின் மேல் தன் கையை வைத்துக் காட்டியது. டைப்பிஸ்ட் அதை எழுத்தாக்க வேண்டும். தொட்டார், பிடித்தார், அழுத்தினார் என்ற சொற்களில் எதைப் போடுவது என்று நீதிபதி கொஞ்சம் யோசித்தார். மூன்று வருஷத்துக்கும் ஐந்து வருஷத்துக்கும் நடுவில் இருப்பது பல சமயம் அந்த ஒரு வினைச்சொல்தான்.

எங்கள் ஊரில் ஒரு படி இன்னும் காணவில்லை. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நாடு முழுக்கப் பொருந்தும். புதுச்சேரி ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவிலேயே விலக்கு. அவர்களுக்கு 1962க்கு முந்தைய பிரெஞ்சு சிவில் சட்டம்தான், அதில் பெண்ணுக்குப் பதினைந்து. வேடிக்கை என்னவென்றால் அதே 2006இல் பிரான்ஸ் தன் நாட்டில் பெண்ணின் கல்யாண வயதைப் பதினெட்டாக்கிவிட்டது. போக்சோவும் தண்டனைச் சட்டமும் ரெனோன்சான் குழந்தைக்கும் உண்டு. ஆனால் கல்யாணம் செய்துவைத்தவர்கள் மேல் போட வேண்டிய கீழ்ப்படிப் பிரிவு மட்டும் இந்தச் சில தெருக்களில் கிடையாது. மேலே பெரிய குற்றம், கீழே ஒன்றுமில்லை. அலபாமா சட்டத்தின் வடிவம் நம் வாசலிலேயே நிற்கிறது.

செக்‌ஷனைக் குறைக்க முடியுமா என்று கேட்கிறவர்களிடம் முடியும் என்று நான் மறைக்காமல் சொல்கிறேன். சட்டம் அனுமதிக்கிற காரியம் அது. சில வழக்குகளில் அதுவே நியாயம். பத்தொன்பது வயசுப் பையனை இருபது வருஷத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும். என் ஜூனியர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: தீர்ப்பு கையில் வந்ததும் கடைசிப் பக்கத்து வருஷக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஏன் இறக்கினார் என்று எந்தப் பாராவில் எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். அந்தப் பாரா இல்லையென்றால், யாருக்காக நின்றாலும், அப்பீல் போடுங்கள்.